எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை: எரிவாயு எப்படிக் காசாகிறது?

எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களிடையே பழைய கேலி ஒன்று உண்டு. மாதக்கணக்கில் துளையிட்டுவிட்டுத் திரும்பிய நிபுணர் முதலாளியிடம் சொல்கிறார்: "கெட்ட செய்தி, எண்ணெய் கிடைக்கவில்லை. நல்ல செய்தி, எரிவாயுவும் கிடைக்கவில்லை."

வெளியாளுக்கு இது புரியாது. எரிவாயு கிடைத்தால் லாபம்தானே, அதில் என்ன கெட்ட செய்தி? அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். எண்ணெய் கிடைத்தால் தொட்டியில் நிரப்பலாம், கப்பலில் ஏற்றலாம், போகிற வழியில்கூட யாருக்காவது விற்றுவிடலாம். எரிவாயு கிடைத்தால் முதலில் எழுவது ஒரு கேள்விதான்: இதை யார் வாங்குவார்கள்? பதில் இல்லையென்றால் கிணற்றை மூடி முத்திரை வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். வளரும் நாடுகள் பலவற்றில் அப்படி மூடிய கிணறுகள் இருபது முப்பது ஆண்டுகள் கிடந்திருக்கின்றன.

"எருமை வாங்குமுன் நெய்விலை கூறலாமா" என்று நம் பழமொழி கேட்கும். எரிவாயுத் தொழிலில் அப்படித்தான் கூற வேண்டும். நெய்க்கு விலை பேசி, வாங்குகிறவரிடம் இருபது ஆண்டுக்குக் கையெழுத்தும் வாங்கிய பிறகே எருமை வாங்கக் கடன் கிடைக்கும். இந்தத் தலைகீழ் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

இடத்தை அடைக்கும் சரக்கு

எல்லாச் சிக்கலுக்கும் வேர் இயற்பியலில் இருக்கிறது. இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். ஒரு பீப்பாய் எண்ணெய் தரும் ஆற்றலைத் தர, சாதாரண அழுத்தத்தில் சுமார் 6,000 கன அடி எரிவாயு வேண்டும். அதாவது அதே ஆற்றலுக்கு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு இடம். இப்படிப்பட்ட சரக்கைக் கட்டி வைப்பதும் கஷ்டம், சுமந்து போவதும் கஷ்டம். விற்கிற விலையில் பெரும்பங்கைப் போக்குவரத்தே தின்றுவிடும்.

அதனால் எரிவாயுவின் மதிப்பு அது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெருநகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வயல் லாபம் தரும். ஆழ்கடலில், ஆள் நடமாட்டமில்லாத கரைக்கு அப்பால் இருக்கும் பெரிய வயல் தராமலே போகலாம். சந்தைக்கு வழியில்லாமல் கிடப்பதைத் துறைக்காரர்கள் 'ஸ்ட்ராண்டட் கேஸ்' என்பார்கள். கரை தட்டி நிற்கும் கப்பலைப் போல, நிலத்தடியில் சிக்கி நிற்கும் வாயு.

செய்திகளில் வரும் அளவையும் இங்கேயே பார்த்துவிடுவோம். பெரிய வயல்களை 'டி.சி.எஃப்.' என்ற அலகில் சொல்வார்கள், ஒரு டி.சி.எஃப். என்றால் லட்சம் கோடி கன அடி. தலை சுற்ற வேண்டாம், இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டி.சி.எஃப். வாயு இருந்தால் சுமார் 800 மெகாவாட் நவீன மின் நிலையத்தை இருபது ஆண்டுகள் ஓட்டலாம். அல்லது குளிர்வித்துத் திரவமாக்கிய வாயுவை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வீதம் அதே இருபது ஆண்டுகள் ஏற்றுமதி செய்யலாம். ஏற்றுமதி ஆலையின் ஓர் அலகு ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன் திறன் கொண்டது என்றால் அதற்கு ஐந்து டி.சி.எஃப். வேண்டும், ஆலையே எரித்துக்கொள்ளும் பங்கையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். "இரண்டு டி.சி.எஃப். கிடைத்துவிட்டது, ஏற்றுமதி வல்லரசாகிறோம்" என்று ஓர் அமைச்சர் முழங்கினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முப்பது ஆண்டு காத்திருந்த தீவு

தான்சானியாவின் கரையை ஒட்டி சோங்கோ சோங்கோ என்று ஒரு சிறு தீவு. அங்கே 1974இல் எரிவாயு கண்டறியப்பட்டது. நல்ல வயல்தான். ஆனால் அதைக் கொண்டு என்ன செய்வது? ஏற்றுமதி ஆலை கட்டும் அளவுக்குப் பெரிதில்லை. உள்நாட்டில் வாயுவை எரிக்கும் மின் நிலையமும் இல்லை, குழாயும் இல்லை. மின் நிலையம் கட்டலாம் என்றால் வாயு வரும் என்று உறுதியில்லை. குழாய் போடலாம் என்றால் மின் நிலையம் வரும் என்று உறுதியில்லை. முதலில் நீ, முதலில் நீ என்று இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது 2004இல். உலக வங்கி போன்றவற்றின் கடனோடு சுமார் 230 கிலோமீட்டர் குழாய் போடப்பட்டு, அந்நாட்டின் பெருநகரான தார் எஸ் சலாமின் உபுங்கோ மின் நிலையத்துக்கு வாயு போனது. அதுவரை அந்த நிலையம் விலை உயர்ந்த திரவ எரிபொருளை எரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த சிமென்ட் ஆலையும் வாங்குபவராகச் சேர்ந்தது. பூமிக்கடியில் எதுவும் மாறவில்லை. 1974இல் இருந்த அதே வாயுதான். வாங்குகிறவர், விலை, கடன், குழாய் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒரே மேசைக்கு வந்தன, அவ்வளவே.

அந்த மின் நிலையம் போன்ற பெரிய, நிலையான வாடிக்கையாளரை 'ஆங்கர்' என்பார்கள், நங்கூரம் என்ற பொருளில். நங்கூர வாடிக்கையாளர் இல்லாமல் வீட்டு அடுப்புகளை நம்பி முதல் குழாயைப் போட முடியாது. ஒரு வீடு எரிப்பது சொற்பம். ஒரு மின் நிலையம் எரிப்பது லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சமம். நங்கூரம் குழாய்க்குக் காசு கட்டிய பிறகு, வழியோரத்துச் சிறிய ஆலைகளும் வீடுகளும் மெல்லச் சேர்ந்துகொள்ளும்.

வழிகள் என்னென்ன?

முதல் வழி குழாய். தூரம் குறைவாக இருந்தால் இதைவிட மலிவானது இல்லை. ஆனால் குழாய் என்பது திருமணம் மாதிரி: ஒரு முனையில் ஒருவர், மறுமுனையில் இன்னொருவர், இடையில் மாற்றிக்கொள்ள முடியாது. நாட்டு எல்லையைக் கடந்தால் சம்பந்திகளின் அரசியலும் சேர்ந்துகொள்ளும்.

நைஜீரியாவிலிருந்து பெனின், டோகோ, கானா நாடுகளுக்குப் போகும் மேற்கு ஆப்பிரிக்க எரிவாயுக் குழாயின் நீளம் 678 கிலோமீட்டர். நல்ல யோசனைதான்: ஒரு நாட்டில் எரித்து வீணாக்கும் வாயு, பக்கத்து நாடுகளுக்கு மின்சாரம். 2012 ஆகஸ்டில் டோகோ அருகே கடற்கொள்ளையர் தாக்கிய ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் குழாயைக் கிழித்துவிட்டது. சரிசெய்து மீண்டும் வாயு வர ஏறக்குறைய ஓராண்டு ஆனது. கானாவின் மின் நிலையங்கள் அந்த ஓராண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே குழாயை நம்பி இருப்பதன் விலையைப் புரிய வைக்க இதைவிடப் பொருத்தமான, வேண்டாத, எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இரண்டாவது வழி திரவமாக்குவது. மீத்தேனை மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதுதான் எல்.என்.ஜி. சிறப்புக் கப்பலில் ஏற்றி உலகின் மறுகோடிக்குக் கொண்டுபோய், அங்கே மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடலாம். இதை வணிக அளவில் முதலில் செய்தது ஒரு வளரும் நாடுதான் என்பது பலருக்குத் தெரியாது. 1962இல் விடுதலை பெற்ற அல்ஜீரியா, 1964இல் ஆர்சு துறைமுகத்திலிருந்து பிரிட்டனுக்கு எல்.என்.ஜி. அனுப்பத் தொடங்கியது.

குளிர்விப்பது சொல்ல எளிது, கட்டச் செலவாகும். பப்புவா நியூ கினியின் மலைப்பகுதி வாயுவைச் சுமார் 700 கிலோமீட்டர் குழாயில் தலைநகர் போர்ட் மோர்ஸ்பி அருகே கொண்டுவந்து திரவமாக்கும் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 1,900 கோடி டாலர். அந்த நாட்டின் ஓர் ஆண்டுப் பொருளாதாரத்தோடு ஒப்பிட வேண்டிய தொகை இது. எங்கிருந்து வந்தது? வங்கிகளும் பல நாடுகளின் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்களும், திட்டத்தை நடத்திய எக்ஸான்மொபில் நிறுவனமும் சேர்ந்து சுமார் 1,400 கோடி டாலர் கடன் தந்தன. ஜப்பான், சீனா, தைவான் நாட்டு வாங்குபவர்களின் நீண்டகால ஒப்பந்தங்களே அதற்கு ஈடு. வேலை தொடங்கிய 2009-10 வாக்கில் அந்த ஒப்பந்தங்கள் கையில் இருந்தன. முதல் கப்பல் கிளம்பியது 2014இல். நெய் முதலில், எருமை பிறகு.

இப்போது மூன்றாவது வகையும் வந்திருக்கிறது: திரவமாக்கும் ஆலையையே கப்பலில் கட்டிக் கடலிலேயே நிறுத்திவிடுவது. கேமரூனில் 2018இல் இயங்கத் தொடங்கிய ஹில்லி எபிசேயோ, 1970களில் கட்டிய பழைய எல்.என்.ஜி. கப்பலை மாற்றியமைத்துச் செய்தது. சிறிய வயல்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் நாட்டுக்குள் வேலைவாய்ப்பு, துறைமுகம், சாலை என்று எதுவும் பெரிதாக வராது; கப்பல் வரும், எடுக்கும், போகும்.

இன்னொரு வழி, வாயுவை வாயுவாகவே விற்காமல் வேறு பொருளாக்கி விற்பது. அம்மோனியா, யூரியா, மெத்தனால் எல்லாமே மீத்தேனிலிருந்து செய்யலாம். டிரினிடாட் டொபாகோ என்ற சின்னஞ்சிறு தீவு நாடு இதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. உள்நாட்டில் வாயுவை எரிக்க அதிக ஆளில்லை. பாயின்ட் லிசாஸ் என்ற இடத்தில் தொழிற்பேட்டை அமைத்து, அம்மோனியா, மெத்தனால் ஆலைகளை வரவழைத்தது. வாயுவின் விலையை அம்மோனியா, மெத்தனால் விலையோடு கட்டிப்போட்டது. உலகச் சந்தையில் அவற்றின் விலை விழுந்தால் வாயுவின் விலையும் இறங்கும், ஆலை மூடாது. ஏறினால் அரசுக்கும் பங்கு. 1999இல் எல்.என்.ஜி. ஏற்றுமதியும் தொடங்கியது. பிறகு வயல்கள் வற்ற, ஆலைகளும் எல்.என்.ஜி.யும் ஒரே குடத்துக்கு அடித்துக்கொள்ளும் நிலை வந்தது. எல்.என்.ஜி. ஆலையின் முதல் அலகு 2020இன் இறுதியில் வாயுவின்றி நின்றுபோனது.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு

ஒப்பந்தம் என்று சொல்லிக்கொண்டே வருகிறேனே, அதில் அப்படி என்னதான் இருக்கும்? இருக்கும் பக்கங்கள் நூற்றுக்கணக்கில். உயிர்நாடி ஒரே ஒரு விதி: 'டேக் ஆர் பே'. வாங்குபவர் குறிப்பிட்ட அளவு வாயுவை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டாலும் அதற்குரிய காசைக் கட்ட வேண்டும். கடன் கொடுத்த வங்கி ஒப்பந்தத்தில் முதலில் தேடிப் பார்ப்பது இந்த விதியைத்தான், ஏனென்றால் தவணை வந்து சேரும் என்பதற்கு அதுதான் உத்தரவாதம்.

வளரும் நாடுகளில் கோளாறு தொடங்குவதும் இங்கேதான். உள்நாட்டில் வாயுவை வாங்குபவர் பெரும்பாலும் அரசு மின் வாரியம். மின் கட்டணத்தை உற்பத்திச் செலவுக்குக் கீழே வைத்திருக்கும் வாரியம், வாயுக்காரருக்கு எங்கிருந்து கொடுக்கும்? பாக்கி ஏறும். பாக்கி ஏறினால் நிறுவனம் புதுக் கிணறு தோண்டாது. புதுக் கிணறு இல்லாவிட்டால் உற்பத்தி சரியும். எரிவாயு வயல் என்பது ஊற்று அல்ல; தோண்டிக்கொண்டே இருந்தால்தான் உற்பத்தி நிலைக்கும்.

இதன் முழுச் சுற்றையும் பார்க்க விரும்புகிறவர்கள் எகிப்தைப் பார்க்கலாம். 2005இல் இரண்டு ஆலைகளோடு எல்.என்.ஜி. ஏற்றுமதியில் இறங்கியது. அதே நேரம் உள்நாட்டில் வாயுவும் மின்சாரமும் மானிய விலையில். தேவை ஆண்டுதோறும் ஏறியது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தரும் விலை குறைவு, அந்தக் குறைந்த விலையிலும் கோடிக்கணக்கான டாலர் பாக்கி. முதலீடு வற்றியது. 2012இன் இறுதியில் டாமியெட்டா ஆலை நின்றது. 2015இல் எகிப்து எல்.என்.ஜி. இறக்குமதி செய்யத் தொடங்கியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அந்த ஆண்டே மத்தியதரைக் கடலில் சோர் என்ற மாபெரும் வயல் கிடைத்தது. அரசு விலையை உயர்த்தியது, பாக்கியை அடைக்கத் தொடங்கியது, கண்டுபிடித்து இரண்டரை ஆண்டுக்குள் வாயு கரைக்கு வந்தது. ஆழ்கடல் வயலுக்கு அது அசுர வேகம். 2018இல் இறக்குமதி நின்றது. சுபம் போட்டுவிடலாம் என்று நினைத்தால், 2024இல் மறுபடி இறக்குமதி.

மலிவு விலை ஏழைக்கு உதவும் என்பது நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது யாரைச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். வங்கதேச நகரங்களில் பல காலம் வீட்டு வாயுவுக்கு மீட்டர் கிடையாது, மாதம் ஒரே கட்டணம். தீக்குச்சியை மிச்சம் பிடிக்க அடுப்பை அணைக்காமலே விட்டுவிடும் வழக்கம் இருந்ததாக அங்குள்ளவர்களே சொல்வார்கள். குழாய் போகாத கிராமத்து ஏழை அப்போதும் விறகுதான் எரித்தார். அதே வங்கதேசம் 2018 முதல் எல்.என்.ஜி. இறக்குமதி செய்கிறது, 2022இல் உலக விலை எகிறியபோது, நீண்டகால ஒப்பந்தமின்றி அன்றைய விலைக்கு விற்கும் உடனடிச் சந்தையில் வாங்குவதை நிறுத்திவிட்டு மின்வெட்டை ஏற்றுக்கொண்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்.

சும்மா எரியும் காசு

சில வயல்களில் வாயு தனியாக வராது, எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வரும். எண்ணெய்க்குச் சந்தை இருக்கிறது, வாயுவுக்கு இல்லை. அப்போது கிணற்றருகே ஒரு நெட்டைக் குழாயை நிறுத்தி அதன் வாயில் கொளுத்திவிடுவார்கள். இரவில் வானமே சிவந்திருக்கும். கொளுத்தாமல் அப்படியே விடுவது இன்னும் மோசம், ஏனென்றால் மீத்தேன் காற்றில் கலந்தால் இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். உலக வங்கியின் கணக்குப்படி 2023இல் உலகம் முழுவதும் இப்படி எரிந்து போனது 14,800 கோடி கன மீட்டர்.

சட்டம் போட்டுத் தடுக்கலாமே? நைஜீரியா 1979லேயே போட்டது. 1984 ஜனவரி முதல் அனுமதியின்றி எரிக்கக் கூடாது. தீ இன்றும் அணையவில்லை. அபராதம் கட்டுவது வாயுவைச் சேகரிப்பதைவிட மலிவாக இருந்ததால் நிறுவனங்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு எரித்தன. அங்கே எரிப்பதைக் கணிசமாகக் குறைத்தது போனித் தீவின் எல்.என்.ஜி. ஆலை. நிறுவனம் பதிவானது 1989இல், முதல் கப்பல் கிளம்பியது 1999இல். வாயுவுக்கு விலை கிடைத்ததும் அதைச் சேகரிப்பது லாபமாகிவிட்டது. சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்க ஆள் இல்லாத சரக்கைச் சட்டத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது.

ஏற்றுமதியா, நமக்கா?

சண்டை எப்போதும் இங்கேதான் வந்து நிற்கும். ஏற்றுமதி டாலர் தரும், கடன் அடைபடும். உள்நாட்டுப் பயன்பாடு மின்சாரமும் உரமும் தரும், ஆனால் ரொக்கம் மெதுவாக வரும், சில நேரம் வராமலும் போகும்.

இதில் உணர்வுக்கும் பங்கு உண்டு. பொலிவியா 1999 முதல் 3,000 கிலோமீட்டருக்கும் மேலான குழாயில் பிரேசிலுக்கு வாயு விற்றுக்கொண்டிருந்தது. 2003இல் சிலி நாட்டுத் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்யும் யோசனை வந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போரில் பொலிவியாவின் கடற்கரையைப் பிடுங்கிக்கொண்டது அதே சிலிதான். 2003 போராட்டத்தில் பலர் உயிரிழந்தனர், அதிபர் சான்செஸ் டி லொசாடா பதவி விலகினார். 2006இல் புதிய அதிபர் ஈவோ மொராலஸ் எரிவாயுத் துறையை அரசுடைமையாக்கினார். அரசின் வருமானம் உயர்ந்தது, சமூகத் திட்டங்களுக்குப் பணம் வந்தது. புது வயல் தேடும் முதலீடு அதற்கு ஈடாக வரவில்லை. 2010களின் நடுப்பகுதிக்குப் பின் உற்பத்தி சரியத் தொடங்கியது. இதில் யார் சரி என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

பெருங்கணக்கை விடுங்கள், வாயு கிடைக்கும் ஊர்க்காரர் கேட்பதும் இதே கேள்விதான்: எங்கள் ஊரில் எடுத்து எங்கோ ஏன் கொண்டுபோகிறீர்கள்? தான்சானியாவின் ம்த்வாராவில் 2013இல் கலவரமே நடந்தது, வாயுவை தார் எஸ் சலாமுக்குக் கொண்டுபோகும் குழாயை எதிர்த்து. மொசாம்பிக்கில் நிலைமை இன்னும் கொடுமை. 2010 முதல் ரொவுமா படுகையில் பெரும் வயல்கள் கிடைத்த காபோ டெல்காடோ மாகாணம், அந்த நாட்டின் ஏழ்மையான மூலை. அங்கே வேரூன்றிய ஆயுதக் குழு 2021 மார்ச்சில் பால்மா நகரைத் தாக்க, கரையில் கட்டிக்கொண்டிருந்த ஆலை நிறுத்தப்பட்டது. கடலில் மிதக்கும் கோரல் சுல் ஆலை மட்டும் 2022 நவம்பரில் முதல் கப்பலை அனுப்பியது.

மொத்தத்தையும் ஒரே இடத்தில் பார்க்க செனகல், மொரிட்டானியா எல்லைக்குப் போகலாம். 2015இல் இரு நாட்டுக் கடல் எல்லையின் மீதே ஒரு வயல் கிடைத்தது. யாருக்கு எவ்வளவு என்று இரு அரசுகளும் பேசி 2018இல் உடன்பாடு செய்தன. வாங்குபவருடன் நீண்டகால ஒப்பந்தம், மிதக்கும் திரவமாக்கும் கப்பல் எல்லாம் அமைந்தன. வேலை பல முறை தாமதமாகி, செலவு கூடி, 2025 ஏப்ரலில் முதல் எல்.என்.ஜி. கப்பல் புறப்பட்டது. கண்டுபிடித்துப் பத்தாண்டு. வாயுவில் ஒரு பங்கு இரு நாடுகளின் சொந்த மின்சாரத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் கப்பல் கிளம்பிய நாளில் அந்தப் பங்கை நாட்டுக்குள் கொண்டுவரும் குழாய்கள் இன்னும் தயாராகவில்லை.